முதல் இணையதளம்: டொமைன் யார் பெயரில்?

கேள்வி: புகைப்படத் தொழில் செய்கிறேன். எனக்கென ஓர் இணையதளம் வேண்டும். நிரல் எழுதத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர், ‘எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார். தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸா, விக்ஸா, அல்லது அவரிடமே விட்டுவிடலாமா?

பதில்: வேர்ட்பிரஸா விக்ஸா என்பதைப் பிறகு பார்ப்போம். டொமைன், அதாவது உங்கள் தளத்தின் முகவரி, யார் பெயரில் பதிவாகப் போகிறது? அதை முதலில் அவரிடம் கேளுங்கள். டொமைனைப் பதிந்து தரும் பதிவு நிறுவனத்தின் ஏட்டில் யார் பெயரும் மின்னஞ்சலும் இருக்கின்றனவோ, அவரைத்தான் உரிமையாளராகக் கருதுவார்கள். பணம் உங்களுடையது என்பது அங்கே எடுபடாது.

‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்பவர்களில் பலர் டொமைனைத் தங்கள் கணக்கிலேயே வாங்கிவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து போனை எடுக்கமாட்டார்கள். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் அவர்களுக்கே போகும். ஒருநாள் காலையில் திறந்தால், உங்கள் படங்கள் இருந்த இடத்தில் யாரோ ஒருவரின் விளம்பரம். காலாவதியாகி நீக்கப்பட்ட டாட் காம் பெயருக்கு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் மீட்கும் உரிமையும் ஏட்டில் உள்ளவருக்குத்தான். பதிவு நிறுவனத்துக்கு எழுதினால், ‘கணக்கு வைத்திருப்பவரைத் தொடர்புகொள்ளவும்’ என்று பதில் வரும். அவரைக் காணவில்லை என்றுதானே எழுதினோம்! இதைப் படித்துப் பார்க்கக்கூட அங்கே ஆள் இல்லையா என்று எனக்குக் கோபம் வரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விக்ஸ் போன்ற சேவைகள் ஆண்டுச் சந்தாவோடு முதல் வருட டொமைனை இலவசமாகத் தருவதுண்டு. கணக்கை நீங்களே தொடங்கியிருந்தால் அந்த டொமைன் உங்களுடையதுதான், பயம் வேண்டாம். கணக்கைத் தொடங்கியவர் அவர் என்றால் கதை பழையதுதான். உங்களுடையதே ஆனாலும் அடுத்த வருடக் கட்டணத்தை இப்போதே பார்த்துவிடுங்கள். பதிந்த முதல் 60 நாட்களுக்குப் பொதுவாக அதை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி உங்கள் கேள்வி. நாலைந்து பக்கம், ஒரு படத்தொகுப்பு, தொடர்பு எண் என்றால் விக்ஸ் போதும். ஆனால் அங்கே கட்டிய தளத்தை அப்படியே வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியாது. மூலப் படங்களைக் கணினியில் பத்திரமாக வைத்திருங்கள். வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம், எங்கும் மாற்றலாம். ஆனால் ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைப்பதற்கான இணைய இடத்தை, தனியாக வாங்கி, அவ்வப்போது மேம்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர் தொடக்கூடாது.

பணம் கட்டும் பக்கத்தில் நிதானமாக இருங்கள். நீங்கள் கேட்காத சேவைகளுக்கு எதிரே ஏற்கெனவே டிக் போட்டிருப்பார்கள். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழைக் காசுக்கு விற்கப் பார்ப்பார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் அதை இலவசமாகத் தருகிறது, உங்களுக்கு அதுவே போதும்.

நண்பருக்கு வடிவமைப்பு வேலையைக் கொடுங்கள், கூலியும் கொடுங்கள். ஆனால் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள், அவருக்குத் தனிப் பயனர் கணக்கு உருவாக்குங்கள். டொமைனை இன்றே நீங்களே பதிந்துகொள்ளுங்கள். பதியும்போது அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைத் தராதீர்கள். டொமைன் முடங்கினால் அந்த மின்னஞ்சலும் முடங்கும், நினைவூட்டல் வந்து சேராது.