அலமாரியில் எத்தனை பாட்டில்?

கேள்வி: தில்லியில் ஒருவர் 9 லிட்டர் விஸ்கி வரை வீட்டில் வைத்திருக்கலாமாம். யமுனையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே பாட்டில்கள் குற்றமாம். காசு கொடுத்து, வரியும் கட்டி வாங்கிய சரக்கை என் வீட்டில் அடுக்கி வைக்க எதற்கு உச்சவரம்பு? குடியைக் குறைக்க அரசு எடுக்கும் நடவடிக்கை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், நொய்டா

பதில்: தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், மனசுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் தினம் ஒரு குவார்ட்டர் வாங்கி அன்றைக்கே காலி செய்கிறவர் ஆயுசு முழுக்க எந்த வரம்பையும் மீறப் போவதில்லை. மாமா, மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததை எல்லாம் திறக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாரே, அவர்தான் மாட்டுவார். இதில் குடியைக் குறைப்பது எங்கே வந்தது?

மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் போடுவதும் தீர்வை வசூலிப்பதும் அந்தந்த மாநிலம்தான். ஆகவே வீட்டில் இருக்கும் சரக்கு சொந்தத்துக்கா, விற்பனைக்கா, தீர்வை யாருக்குப் போனது என்பதுதான் அவர்கள் கவலை. நீங்கள் சொல்லும் தில்லி விதியையே முழுதாகப் பாருங்கள். 25 வயது தாண்டியவர் விஸ்கி, ரம், ஜின், வோட்கா, பிராந்தி 9 லிட்டர், பீர், ஒயின் வகையில் 18 லிட்டர் வைத்திருக்கலாம். அதே ஆள் வெளிமாநிலத்திலிருந்து விஸ்கி எடுத்து வந்தால் 1 லிட்டர்தான். கல்லீரலுக்கு மாநில எல்லை தெரியுமா என்ன? கஜானாவுக்குத் தெரியும்.

தில்லியில் ஒரு வீட்டில் சோதனை போட்டு 132 பாட்டில்களை அள்ளினார்கள். விஸ்கி வகையறா 51.8 லிட்டர், பீர், ஒயின் வகையறா 55.4 லிட்டர். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. அது கூட்டுக்குடும்பம், 25 வயதைக் கடந்தவர்கள் 6 பேர். ஆளுக்கு 9 என்றால் 54, ஆளுக்கு 18 என்றால் 108. இரண்டுமே வரம்புக்குள் வந்துவிட, 2022ல் முதல் தகவல் அறிக்கையை நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரே ஒருவர் தனிக்குடித்தனம் போயிருந்தால் 45 லிட்டர்தான் கணக்கு, வழக்கு நின்றிருக்கும். கூட்டுக்குடும்பத்துக்கு இந்தக் காலத்திலும் ஒரு பலன் இருக்கிறது!

உங்கள் உத்தரப் பிரதேசம் இன்னும் வெளிப்படை. வரம்புக்கு மேல் வீட்டில் வைக்க 2021ல் ஓர் உரிமம் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்குக் கட்டணம் 12,000 ரூபாய், காப்புத்தொகை 51,000. (தொகையைப் பிறகு மாற்றினார்கள்.) பணம் கட்டினால் அளவு கூடும். மும்பையில் சட்டப்படி, குடிப்பதற்கே பர்மிட் வேண்டும். ஒரு நாளைக்கு 5 ரூபாய், ஓராண்டுக்கு 100, ஆயுளுக்கு 1,000. 1949 மதுவிலக்குச் சட்டத்தின் மிச்சம் அது. அந்தச் சட்டத்தை எதிர்த்து, வீட்டில் விஸ்கியும் பிராந்தியும் ஓடிகொலோனும் வைத்துக்கொள்ள உரிமை கேட்டு பால்சாரா என்பவர் போட்ட வழக்கில் 1951ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆல்கஹால் கலந்த மருந்துக்கும் வாசனைத் தைலத்துக்கும் விலக்குக் கிடைத்தது. விஸ்கிக்குக் கிடைக்கவில்லை.

குடியைத் தடுக்கத்தான் சட்டம் என்று பீகார் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். 2016லிருந்து அங்கே ஒரு சொட்டும் கூடாது. ஆனால் அங்கே முதலில் எழுதிய சட்டத்தில், வீட்டில் பாட்டில் சிக்கினால் வயதுவந்த குடும்பத்தார் எல்லோரையும் பொறுப்பாளியாக்கப் பார்த்தார்கள். தில்லியில் வீட்டில் ஆள் கூடினால் லிட்டர் கூடுகிறது, பீகாரில் குற்றவாளி கூடினார்கள். 2018ல்தான் திருத்தித் தளர்த்தினார்கள்.

நம்ம ஊர் மட்டும் என்ன? தெருவுக்குத் தெரு அரசே கடை வைத்து விற்கிறது, சட்டத்தின் பெயரோ இன்னமும் 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம். புதுச்சேரி எல்லையில் பையைத் துழாவுகிற காவலருக்கும் மதுவிலக்கு என்றுதான் பெயர். பையில் டாஸ்மாக் பாட்டில் இருந்தால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வரம்பு இல்லாவிட்டால் வீட்டுக்கு வீடு கள்ளக்கடை முளைக்கும். வருமானத்துக்குப் போட்ட வேலியை ஒழுக்கத்துக்குப் போட்டதாகச் சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, உங்களுக்கு நடைமுறைக்கு ஒன்று. தில்லி மெட்ரோவில் சீல் உடைக்காத 2 பாட்டில் கொண்டுபோகலாம் என்று 2023ல் அனுமதித்தார்கள். அதை நம்பி தில்லிக் கடையில் வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடாதீர்கள். நொய்டாவில் இறங்கினால் உத்தரப் பிரதேசச் சட்டம்தான் செல்லும். நொய்டாக் கடையிலேயே வாங்குங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் பெரிய விருந்து என்றால் அதற்கென்று தற்காலிக உரிமம் தனியாக உண்டு. ஆயத்தீர்வைத் துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.