கருப்பைக் கழுத்து வைரஸ் திரும்ப வருமா?

கேள்வி: எச்.பி.வி. வைரசால் கருப்பைக் கழுத்தில் வந்த மாற்றத்துக்குப் போன வருஷம் சிகிச்சை எடுத்தேன். திரும்பவும் வருமா? தரம் 6 படிக்கும் மகளுக்கு அந்தத் தடுப்பூசி போடப் பள்ளிக்கூடத்தில் சம்மதம் கேட்கிறார்கள். கையெழுத்து வைக்கலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: கட்டாயம் வையுங்கள், சகோதரி.

சிகிச்சை மாறிப்போன கலங்களைத்தான் அகற்றும். சுற்றியுள்ள இடத்தில் வைரஸ் மிஞ்சக்கூடும். பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் உடலே அதை அடக்கிவிடும். சிலருக்கு அடங்கிக் கிடந்து பிறகு தலைகாட்டும். ஆகவே, இது உடலுறவால் தொற்றும் வைரஸ் என்றாலும், மறுபரிசோதனையில் தென்பட்டால் கணவரைச் சந்தேகிக்க வேண்டாம். அது பல வருஷத்துக்கு முந்தைய தொற்றாகவும் இருக்கலாம். கிளினிக் தவணையை மட்டும் விடாதீர்கள். ஆரம்ப மாற்றத்துக்கு நோவோ இரத்தப்போக்கோ பெரும்பாலும் இராது.

இருக்கிற தொற்றைத் தடுப்பூசி கலைக்காது. தொற்று வருமுன்னே போட வேண்டும் என்பது அதனால்தான். இலங்கைப் பாடசாலைகளில் 2017 இல், 6 மாத இடைவெளியில் 2 ஊசி என்று இது தொடங்கியது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 வீதத்துக்குக் காரணமான, இந்த வைரசின் 16, 18 ஆம் வகைகளைத் தடுக்கும், பிள்ளைப்பேற்றைப் பாதிக்காது. மகளை வெறுவயிற்றோடு அனுப்பாதீர்கள். ஊசிக்குப் பிறகு 15 நிமிடம் இருக்கட்டும், சில பிள்ளைகள் மயங்குவதுண்டு. இரண்டாவது ஊசி பிந்தினால் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.