பனி மேடுபள்ளமாக இருந்தால் சரியாமல் நிற்காதா?

"மேடும் பள்ளமுமான பனி ஒன்றையொன்று கவ்வி நிற்காதா, ஏன் பனிச்சரிவு ஆபத்து என்கிறார்கள்?" என்பது கேள்வி. நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரன். ராணுவத்தில் இரண்டு குளிர்காலம் காஷ்மீர் மலையில் இருந்தேன்.

நீங்கள் நினைப்பது பாதி சரி. பழைய பனி சொரசொரப்பாக இருந்தால் அதன்மேல் விழும் புதுப்பனிக்குப் பிடிப்பு கிடைக்கும். பகலில் உருகி இரவில் இறுகிக் கண்ணாடியான பரப்பில் அந்தப் பிடிப்பு இருக்காது. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. பனி அடுக்கின் கனம், அதாவது தடிமன், இடத்துக்கு இடம் மாறுவதுதான் அது.

காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கம் கொட்டும். இங்கே அரை அடி, பத்தடி தள்ளி நாலடி. பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் இருபது. பனி மெலிந்த இடத்தில் இந்த வித்தியாசம் முழுவதும் கொஞ்ச உயரத்துக்குள் அடங்கிவிடுவதால், ஈரம் ஆவியாக மேலேறி, அடிப்பனி ஒட்டாத சர்க்கரைப் பரல் மாதிரி ஆகிவிடும். கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். சாய்ந்த தரையில் சர்க்கரையைக் கொட்டி, மேலே நம் ஊர் கிரானைட் பலகை ஒன்றைக் கிடத்தினால் எப்படி? அப்படித்தான். கனமான இடத்தில் நடப்பவன் பாரம் அடிவரை இறங்காது. மெலிந்த இடத்தில் ஒரு காலடி போதும். அங்கே தொடங்கும் விரிசல் கனமான பகுதிக்கும் ஓடி, பலகை மொத்தமும் கிளம்பிவிடும். பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் இது நடக்கும்.

2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேரைப் பனி மூடியது. அதில் ஒருவர் எங்கள் மாவட்டம். அங்கே பனிச்சுவர் இடிந்து விழுந்தது என்றார்கள். நான் சொல்வது வேறு வகை. ஆனால் ஊரில் பனிச்சரிவு பற்றி என்னிடம் பேசுபவர்கள் எல்லாரும் அந்தச் செய்தியில்தான் ஆரம்பிப்பார்கள்.

சோதிக்க வழி உண்டு. குழி தோண்டி, 30 செ.மீ. சதுரத் தூணாகப் பனியை வெட்டி, மேலே மண்வெட்டியை வைத்துத் தட்டுவார்கள்: மணிக்கட்டால் 10, முழங்கையால் 10, தோளிலிருந்து 10. எந்தத் தட்டில் தூண் நழுவுகிறது என்பது கணக்கு. ஆனால் கனம் மாறும் சரிவில் ஒரு குழி கெட்டியாக இருந்தது என்று நம்பி இறங்காதீர்கள். பத்தடி தள்ளி நிலைமை வேறு.

மணாலிப் பக்கம் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று. பனி மூடிய சரிவில் தலை நீட்டும் பாறையைப் பார்த்தால் பிடிமானம் என்று தோன்றும், அதை நோக்கி நடப்போம். பனி மெலிந்து சர்க்கரையாகிக் கிடப்பது பெரும்பாலும் அந்தப் பாறையைச் சுற்றித்தான். காலடியில் "வும்" என்று அமுங்கும் சத்தம் கேட்டால் மேலே போகாதீர்கள். ஒவ்வொருவராக இடைவெளி விட்டு, வந்த தடத்திலேயே திரும்புங்கள்.