பயிற்சியில் புலி, போட்டியில்?

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக் கபடி அணியில் ரைடர், எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவன். சாயந்தரப் பயிற்சியில் புலி. போட்டி என்றால் கை கால் உதறி, இரண்டாவது ரைடிலேயே மாட்டிக்கொள்கிறான். கோட்டோரம் நின்று தொண்டை வறளக் கத்தி உற்சாகப்படுத்தியும் பார்த்துவிட்டேன். தஞ்சாவூரில் சனி, ஞாயிறு ‘வெற்றி மனப்பான்மை’ முகாம் நடக்கிறதாம். கட்டணம் ஐயாயிரம். அனுப்பலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். ‘நான் ஜெயிப்பேன்’ என்று கண்ணை மூடி நூறு தடவை சொல்ல வைப்பார்கள். திங்கட்கிழமை காற்று இறங்கிவிடும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக், 200 மீட்டர் பட்டர்ஃபிளை. குதித்ததுமே மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கடைசிச் சுற்றில் சுவர் எங்கே என்றே தெரியவில்லை. மனுஷன் கைவீச்சை எண்ணிக்கொண்டே போனார். எத்தனையாவது வீச்சில் சுவர் வரும் என்பது உடம்புக்கு மனப்பாடம். தொட்டபோது 1 நிமிடம் 52.03 வினாடி, உலக சாதனை! தூங்கப் போகுமுன்னும் விழித்ததும் முழுப் பந்தயத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும்படி அவரைச் சின்ன வயதிலிருந்தே பழக்கியிருந்தார் பயிற்சியாளர் பாப் போமன். கோளாறு வருகிற பந்தயத்தையும் சேர்த்துத்தான்.

நம் பக்கத்தில் இதற்குச் சாதகம் என்று பெயர். நாகசுரக்காரர் விடியற்காலையில் ஊதித் தேய்த்ததால்தான் சுவாமி புறப்பாட்டில், வேட்டுச் சத்தத்துக்கு நடுவிலும், விரல் தன் வேலையைப் பார்க்கிறது. அவருக்கும் முதல் ஐந்து நிமிடம் உள்ளங்கை வியர்க்கும், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பையன் சாயந்தரம் ரைடு போவது தெரிந்த பையன்களிடம், கால் தளராத நேரத்தில். அங்கே யாரும் புலிதான். பயிற்சி முடிந்து கால் கனத்த பிறகு, ஐந்து புள்ளி பின்தங்கியிருப்பதாக வைத்துக்கொண்டு, ‘மூன்றாவது ரைடு, புள்ளி எடுக்காவிட்டால் வெளியே’ என்று முப்பது வினாடி பாடவிடச் சொல்லுங்கள். சுற்றி நிற்கிறவர்கள் கூச்சல் போடட்டும். தினமும். கோட்டைத் தாண்டுமுன் மண்ணைத் தொட்டு, மூச்சை நிறைய இழுத்து, எப்போதும் அதே காலை முதலில் வைக்கட்டும். இறுதிப் போட்டியிலும் அதே கால்தான். நடுக்கம் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி உங்களுக்கு. தோற்றுவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது எந்த ரைடில் என்ன தப்பு என்று வகுப்பெடுக்கிறீர்கள் என்பது என் ஊகம். மாயவரத்தில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த், 2010 உலக செஸ் பட்டப் போட்டிக்கு சோஃபியா போய்ச் சேர்ந்தது 40 மணி நேரச் சாலைப் பயணத்தில். எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோயிருந்தன. முதல் ஆட்டமே தோல்வி. மறுநாளே இரண்டாவது ஆட்டத்தை ஜெயித்தார். கடைசியில் 12வது ஆட்டத்தைக் கறுப்புக் காய்களோடு வென்று பட்டத்தையும் தக்கவைத்துக்கொண்டார். அந்த முதல் ராத்திரி யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, ‘அந்தக் குதிரையை ஏன் அங்கே வைத்தாய்?’ என்று ஓதியிருந்தால்?

அடுத்த போட்டிக்கும் அவசியம் போங்கள். கும்பகோணம் கொழுந்து வெற்றிலை நாலை மடித்து வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். கத்த வராது.