பூவல் தோண்டும் குதிரைகள்

கேள்வி: கனடாவின் சேபிள் தீவில் காட்டுக்குதிரைகள் வாழ்வதாகப் படித்த என் மகள், அந்த மணல்மேட்டில் அவை எதைத் தின்று, எதைக் குடித்துப் பிழைக்கின்றன என்று கேட்கிறாள். நமது நெடுந்தீவுக் குதிரைகளும் அப்படித்தானா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். அவை காட்டுக்குதிரைகள் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் மனிதர் கொண்டுபோய் இறக்கிய வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்தவை. கட்டின்றித் திரியும் கால்நடைக்கு நம்மவர் வழங்கும் 'கட்டாக்காலி' என்ற சொல்லே பொருத்தம். ஹலிஃபக்ஸ் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவில், பிறை வடிவில் கிடக்கும் அந்த ஒடுங்கிய மணல்தீவில் இன்று சுமார் 500 குதிரைகள் உள்ளன.

மணலைப் பிணைத்து வளரும் கரடுமுரடான கடற்கரைப் புல்லே அவற்றின் முதன்மை உணவு. குளிர்காலத்தில் உரோமம் நீண்டு அடர்ந்துவிடும். புயலடித்தால் மணற்குன்றின் மறைவில் கூட்டமாக ஒதுங்கும். ஆனால் புல்லோடு மணலையும் சேர்த்து மெல்வதால் பற்கள் தேய்ந்து, வயது முதிர்ந்தவை போதிய அளவு மெல்ல முடியாமல் மெலிந்து, குளிர்காலத்தின் கடைசி வாரங்களில் மடிவதுண்டு. 'பழகிக்கொண்டன' என்று நாம் எளிதாக எழுதிவிடுவதில் இதுவும் அடக்கம்.

என் எண்ணத்தில், புல்லைவிடத் தண்ணீரே பெரிய விடயம். மணலில் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட இலேசானது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. குளங்கள் இல்லாத கிழக்குப் பகுதியில், குதிரைகள் முன்னங்காலால் மணலைப் பறித்து, ஊறிவரும் நீரைக் குடிக்கின்றன. நமது கிழக்குக் கரையார் குடிநீருக்காக மணலில் பூவல் என்ற ஊற்றுக்குழி தோண்டுவதும் இதே வேலைதான்.

உங்கள் மகளுக்கு ஒரு செய்தி: 1960 அளவில் இக்குதிரைகளைத் தீவிலிருந்து அகற்றி விற்க அரசு முனைந்தபோது, பாடசாலைப் பிள்ளைகள் பிரதமர் டீஃபன்பேக்கருக்குக் கடிதம் எழுதினர், விற்பனை கைவிடப்பட்டு, சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து மட்டக்குதிரைகளின் வழிவந்த நெடுந்தீவுக் குதிரைகளுக்குக் குளிர் இல்லை; ஆனால் காலடியில் இருப்பது மணல் அல்ல, தோண்ட முடியாத முருகைக்கல் (பவளக்கல்). சோளகக் காற்று வீசிய ஒரு மாலையில், வற்றிப்போன குளத்தின் வெடித்த சேற்றை ஒரு தாய்க்குதிரை முன்னங்காலால் இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்ததை நான் கண்டேன். குளம்புக்குக் கல்தான் அகப்பட்டது. ஊரவர் ஒருவர் வாளியில் கொண்டுவந்து வைத்த தண்ணீரை அதன் குட்டி முதலில் குடித்தது.