சிறப்புக் கல்வி பி.எட். முடித்தால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நீங்கள் நினைப்பது நிரந்தர அரசு வேலை என்றால் பதில் கொஞ்சம் நீளும்.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வேலையில்தான் ஒன்பது வருடமாக இருக்கிறேன். முதல் நான்கு வருடம் அரசின் வட்டார வள மையத்தில் தொகுப்பூதியம், இப்போது ஒரு சிபிஎஸ்இ பள்ளி. அரசுப் பக்கம் பெரும்பாலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒப்பந்தப் பணிதான். தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர், அதற்கு மேல் 15 குழந்தைக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்புக்குப் பிறகு 2022-லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது, 2025 மார்ச்சில் பணியிடங்களை அறிவித்து நிரப்பச் சொல்லி உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட்டது. நாங்களோ இரண்டே பேர் ஒரு ஒன்றியம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தோம். "சிறப்பாசிரியர் தேர்வு" என்று செய்தி வந்தால் குதிக்காதீர்கள், அது வழக்கமாக ஓவியம், தையல், இசை, உடற்கல்விக்கு. நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

தனியார் பள்ளிகள், தெரபி மையங்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பது, இவற்றில்தான் இப்போது ஆள் தேடுகிறார்கள். பி.எட்.டில் சிறப்புப் பிரிவாக, பள்ளி வேலை வேண்டுமென்றால் கற்றல் குறைபாடு, மையங்களுக்கு ஆட்டிசம் அல்லது அறிவுசார் குறைபாடு எடுப்பது நல்லது என்பது என் கணிப்பு.

பட்டத்தைவிட முக்கியம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண். 1992 சட்டப்படி அது இல்லாமல் இந்த வேலை பார்க்கக் கூடாது. கல்லூரிக்கு கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள். என்னோடு இருந்த ஒரு அக்கா பார்க்காமல் டிப்ளமோ முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். சென்னை பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

இன்டர்வியூவில் என்னிடம் மார்க் கேட்கவில்லை. ஒரு குழந்தைக்கு என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். வியாழக்கிழமைதோறும் நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்த பையன் ஒருவன், மூளை முடக்குவாதம், ஸ்பூன் கையில் நிற்காது. பழைய சைக்கிள் டியூபைக் கைப்பிடியில் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தேன். அவன் தானாக ஒரு வாய் சாம்பார் இட்லி சாப்பிட ஏழு மாதம் ஆனது. அந்தக் குறிப்பு நோட்டைக் காட்டினேன், வேலை கிடைத்தது. அதனால் பயிற்சிக் காலத்திலிருந்தே தேதி போட்டு எழுதி வையுங்கள். பயிலரங்கச் சான்றிதழ்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பதிவைப் புதுப்பிக்கும்போது கேட்பார்கள்.