தலைக்கனம்

கேள்வி: எழுபது வருஷம் அரியணையில் இருந்த எலிசபெத் ராணி, பத்திரிகைகளுக்கு ஒரு பேட்டிகூடக் கொடுத்ததில்லையாமே! தலைக்கனம்தானே?
- வாசகர், விருதுநகர்

பதில்: தலையில் கனம் இருந்தது வாஸ்தவம். எடையே சொல்கிறேன். 1953 ஜூன் 2-ல் அவருக்குச் சூட்டிய புனித எட்வர்ட் மகுடம் 1661-ல் செய்தது. இரண்டு கிலோவுக்கு மேல். அது அன்று ஒருநாள் பாரம். நாடாளுமன்றத் தொடக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் மகுடம் ஒரு கிலோ சொச்சம். அதோடு குனிந்தால் கழுத்து போய்விடும். அங்கே வாசிக்கும் உரைக் காகிதத்தைத்தான் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கவேண்டும். இதை 2018-ல் பிபிசி படம் ஒன்றில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். (அதற்கும் பேட்டி என்று பெயர் வைக்கவில்லை!) 2019 அக்டோபரில், 93 வயதில், மகுடத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு லேசான வைர முடியோடு வந்தார்.

அப்படித் தூக்கிப் பிடித்துப் படித்ததில் அவர் எழுதியது ஒரு வரி கிடையாது. எல்லாம் மந்திரிசபை எழுதிக் கொடுப்பது. 1974-ல் லேபர் அரசு கப்பல் கட்டும் தொழிலை நாட்டுடைமையாக்குவோம் என்றது. 1980-களில் தாட்சர் அரசு பொதுத்துறையை விற்போம் என்றது. இரண்டையும் 'என் அரசு செய்யும்' என்று ஒரே குரலில் வாசித்தார். இதில் உங்களுக்கு எது இஷ்டம் என்று ஒரு நிருபர் கேட்டால் என்ன சொல்வது? வாய் திறந்தால் பாதி நாட்டுக்கு அவர் எதிர்க்கட்சி.

ஆனால் அந்த மௌனம் ஒருமுறை காலை வாரியது. 1997 ஆகஸ்ட் 31-ல் டயானா இறந்தபோது ராணி ஸ்காட்லாந்தில், பேரன்களோடு இருந்தார். லண்டன் அரண்மனைக் கம்பத்தில் கொடியே இல்லை. ராஜகொடி, ராணி உள்ளே இருந்தால்தான் பறக்கும். அரைக்கம்பத்துக்கு இறங்குவதும் கிடையாது. ஒருவர் கண்மூடிய கணமே அடுத்தவர் அரசர் ஆகிவிடுவதால், அரியணைக்குத் துக்கம் இல்லை என்பது கணக்கு. மரபுப்படி குற்றமில்லை. வாசலில் பூக்களோடு நின்றவர்களுக்கு அந்த மொட்டைக் கம்பம், 'இந்த அம்மாவுக்கு நெஞ்சில் ஈரமில்லை' என்று சொன்னது. செப்டம்பர் 5 அன்று நேரலையில் வந்து, ராணியாக மட்டுமல்ல, ஒரு பாட்டியாகவும் பேசுவதாகச் சொன்னார். மறுநாள் பிரிட்டனின் தேசியக் கொடியான யூனியன் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது.

அதிலிருந்து, அரசர் வெளியூர் போனாலும் அந்தக் கம்பம் மொட்டையாக நிற்பதில்லை. யூனியன் கொடி ஏற்றிவிடுகிறார்கள்.